வில்ஃப் ஆக்டன் வேகமான கார் தேடியது

ஸ்கெல்பிரிக்கில் வில்ஃப் ஆக்டனைத் தெரியாத ஆள் ஒருவர் இருந்தால் அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று அர்த்தம். முப்பது வருஷத்துக்கு மேலாக எங்கள் ஊரில் டிரைவிங் டெஸ்ட் அதிகாரியாக இருந்தவர் அவர். ரொட்டிக்கடைக்காரர், பாதிரியார், பல் டாக்டர், நான், எல்லோருமே ஒரு காலத்தில் அவர் பக்கத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள்தான். பெரும்பாலானவர்களுக்கு முதல் தடவை லைசென்ஸ் கிடைக்கவில்லை. கெட்ட மனுஷன் இல்லை. கத்தமாட்டார், முறைக்கமாட்டார். வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டு, "இன்னைக்கு உங்களுக்கு அமையல" என்பார், பஸ்ஸைத் தவறவிட்டவருக்கு ஆறுதல் சொல்கிற குரலில்.

அப்படிப்பட்டவர், ஓய்வு பெற்ற மறுநாள் காலையில், டோஸ்ட்டில் மார்மலேட் தடவிக்கொண்டே, தனக்கு நானூறு குதிரை சக்தி உள்ள கார் ஒன்று வேண்டும் என்று மனைவியிடம் சொன்னார்.

ஹிலரி செய்தித்தாளைக் கீழே வைத்தாள். உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டாள். வில்ஃப் அன்றைக்குப் பேசியதுதான் அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு என்று அவள் பிற்பாடு சொன்னாள். இத்தனை வருஷமும் சின்னச் சின்னக் கார்களின் இடது சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர்களுடைய பயத்தோடு இருபது மைல் வேகத்தில் ஊரைச் சுற்றியாகிவிட்டது. சொந்தக் காரோ பழுப்பு நிறத்தில் ஒரு செருப்புப் பெட்டி. கண்ணும் காலும் சரியாக இருக்கும்போதே ஒரு நிஜமான என்ஜினை ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிது வாங்க வசதி கிடையாது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வயதான வண்டி கைக்கு எட்டும். இந்த மாதிரிக் கார்களை ஜனங்கள் பெருமைக்கு வாங்கி, பயத்தில் விற்கிறார்கள் என்பது அவர் கணக்கு.

ஹிலரி நூலகத்தில் வேலை பார்ப்பவள். எதையும் எடுத்த எடுப்பில் மறுக்கமாட்டாள், நிபந்தனை போடுவாள். வீட்டில் கவுண்டஸ், பிஸ்கட் என்று இரண்டு கிரேஹவுண்ட் நாய்கள் இருந்தன. பந்தயத்தில் ஓடி ஓய்வு பெற்றவை, ஆளுக்கு ஒரு சோபா கேட்பவை. அதனால் இரண்டு பேர் மட்டும் உட்காருகிற ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் கிடையாது, நாலு கதவும் பின்சீட்டும் தனி டிக்கியும் உள்ள சலூன் கார்தான். சிவப்பு கூடாது. மூன்றாவதாக, அவர் தனியாகப் போய் எதையும் பார்க்கக் கூடாது.

"ஏன்?" என்றார் வில்ஃப்.

"ஒருத்தன் ஒழுங்கா இண்டிகேட்டர் போட்டுட்டா போதும், அவன் யோக்கியன்னு நம்பிடுவே நீ. அதான்."

அப்போ நீ வாயேன் என்று அவர் கூப்பிட்டார். அவள் மாட்டேன் என்றாள். வில்ஃப் பக்கத்தில் இருக்கும்போது கார் சம்பந்தப்பட்ட எதிலும் தலையிடுவதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். கல்யாணமான புதிதில் அவள் கார் ஓட்டினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார்; திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு பெருமூச்சு மட்டும் விடுவார். ஒரு நாள் அவள் சாவியை அவர் மடியில் போட்டுவிட்டு இறங்கிக்கொண்டாள். அதிலிருந்து சேர்ந்து போகும்போதெல்லாம் அவர்தான் ஓட்டுவது.

எனவே துணைக்குப் பிடித்தது அடுத்த வீட்டு நெஸ்டா பியூவை. வேல்ஸ்காரி, வீட்டுப் பத்திரம் பார்க்கிற வக்கீல். தொழிலே சந்தேகப்படுவதுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குட்டிக் காரை மலையேற்றப் பந்தயங்களுக்குக் கொண்டுபோய், சேறு பூசிக்கொண்டு திரும்புவாள். முக்கியமாக, வில்ஃப் அவளை மூன்று தடவை ஃபெயில் ஆக்கியிருக்கிறார். இதை அவள் மறந்ததும் இல்லை, அவரை மறக்க விட்டதும் இல்லை. ஊரே அவரை வில்ஃப் என்று கூப்பிட, அவள் மட்டும் இன்னமும் "மிஸ்டர் ஆக்டன்" என்பாள், டெஸ்ட் நாளில் கூப்பிட்ட அதே பயபக்தியோடு.

முதலில் பார்த்தது உள்ளூரிலேயே ஒரு வெள்ளிநிற வண்டி. ஜன்னல்களுக்குக் கண்ணாடி மாட்டுகிற கர்ட்டிஸ் ஃபர்த் விற்பதாக விளம்பரம் கொடுத்திருந்தான். கதவைத் திறந்து வில்ஃபைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்த விதமே சரியில்லை என்று நெஸ்டாவுக்குத் தோன்றியது. விலை விளம்பரத்தில் போட்டதைவிட இரண்டாயிரம் பவுண்டு அதிகம் என்றான். ஏன் என்று வில்ஃப் கேட்டார்.

"நாலு தடவை ஃபெயில் பண்ணீங்க மிஸ்டர் ஆக்டன். தடவைக்கு ஐநூறு."

வில்ஃப் சிரிப்பார் என்று அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவரோ ரொம்ப யோசித்து, நாலாவது தடவை நீ ரவுண்டானாவில் எதிர்ப்பக்கமாகச் சுற்றினாய், அதற்கு நான் பொறுப்பாக முடியாது, வேண்டுமானால் மூன்றுக்குப் பேசலாம் என்றார். பேச்சு அங்கேயே முறிந்தது. வெளியே வந்ததும் நெஸ்டா, இந்த ஊர்ப் பக்கம் நமக்கு வியாபாரம் நடக்காது, உங்கள் கையால் தேறாதவர்கள் இருக்கிற எல்லையைத் தாண்டிப் போவோம் என்றாள்.

லீட்ஸில் ஒரு வியாபாரியிடம் கறுப்பு நிறத்தில் ஒன்று நின்றது. பார்க்க அமைச்சர் வீட்டு வண்டி மாதிரி இருந்தது. வில்ஃப் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடவும் கூச்சப்பட்டார். நெஸ்டா நேராகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்தாள். சுட்டது. நாங்கள் வருவது தெரிந்தும் ஏன் என்ஜினைச் சூடாக்கி வைத்தீர்கள், குளிர்ந்த வண்டி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்கத்தானே வந்தோம் என்று கேட்டாள். காலையில் கழுவ எடுத்தோம் என்றார் வியாபாரி. குனிந்து டயர்களைப் பார்த்தாள். நாலும் நாலு கம்பெனி. இவ்வளவு பெரிய என்ஜினுக்குக் கிடைத்த விலையில் டயர் மாட்டுகிறவன் எண்ணெய் மட்டும் நல்லதாக ஊற்றியிருப்பானா என்று கேட்டாள். வியாபாரி அவளை விட்டுவிட்டு வில்ஃப் பக்கம் திரும்பி, சாருக்கு வண்டி பிடித்துப்போய்விட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது என்றார். அது உண்மைதான். வில்ஃப் கிட்டத்தட்டத் தலையாட்டும் நிலையில் இருந்தார்.

காப்பாற்றியது கவுண்டஸ். நாய்கள் பின்சீட்டில் ஏறிப் பார்க்க வேண்டும் என்பது ஹிலரியின் உத்தரவு. பிஸ்கட் ஏறி, சுருண்டு, உடனே தூங்கிவிட்டது. அதற்கு எதுவும் சம்மதம். கவுண்டஸ் கார்க் கதவருகிலேயே நின்று மோப்பம் பிடித்தது. அப்புறம் டிக்கிப் பக்கம் போய், அங்கே முன்னங்காலால் பிறாண்ட ஆரம்பித்தது. நெஸ்டா டிக்கியைத் திறந்து, கம்பளத்தைத் தூக்கி, உபரி டயர் இருக்கும் குழியைப் பார்த்தாள். ஓரங்களில் துரு. மூலையில் காய்ந்த வண்டல், கூடவே ஒரு சின்ன நத்தை ஓடு. வண்டி எப்போதோ ஒரு வெள்ளத்தில் மூழ்கி எழுந்திருந்தது.

"இது காரா, படகா? சொல்லிட்டு வித்தா வாங்கிக்கறோம்" என்றாள் நெஸ்டா.

திரும்பி வரும்போது வில்ஃப் ரொம்ப நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் லைசென்ஸ் வாங்கியவர்கள் இப்படி ஏமாற்றமாட்டார்கள் என்று ஒரு தடவை சொன்னார்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் வீட்டில் இதே பேச்சு. சாப்பாட்டு மேஜையில், படுக்கையில், நாய்களோடு நடக்கும்போது. கடைசியில் நார்தம்பர்லாந்திலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. கரும்பச்சை, எட்டு சிலிண்டர், கையால் கியர் மாற்றுகிற ரகம், முதலிலிருந்து ஒரே சொந்தக்காரர். கீழே ஒரே ஒரு வரி: "நன்றாக ஓட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டும்." வில்ஃபுக்கு அந்த வரி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாயங்காலமே போன் செய்தார்.

சொந்தக்காரி இசொபெல் சார்ல்டன். மாடு, குதிரைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர். எழுபது தாண்டியும் முதுகு வளையாதவர். ஹெக்ஸம் தாண்டி, குன்றுகளுக்கு நடுவே கல்லால் கட்டிய வீடு. பிரசவம் பார்க்கக் கூப்பிட்டால் எந்தப் பண்ணைக்கும் இந்தக் காரில்தான் போயிருக்கிறார். டிக்கியைத் திறந்தால் இன்னமும் ஆட்டுமந்தை வாசனை அடித்தது. கவுண்டஸ் அதற்குள் தலையை விட்டு எடுக்கவே இல்லை. டயர்கள் நாலும் ஒரே ரகம், பானெட் ஐஸ் மாதிரிக் குளிர்ந்திருந்தது. நெஸ்டா கீழே படுத்துப் பார்த்தாள், எண்ணெய்க் குச்சியை இழுத்துத் துடைத்துப் பார்த்தாள், கதவு இடுக்குகளில் விரல் விட்டுப் பார்த்தாள். எழுந்து வந்து வில்ஃபின் காதில், ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை, எனக்கே பயமாக இருக்கிறது என்றாள்.

ஏன் விற்கிறீர்கள் என்று வில்ஃப் கேட்டார். கண்ணின் நடுப்பகுதி போய்விட்டது என்றார் டாக்டர். உங்கள் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒரு சாம்பல் புள்ளிதான் இருக்கிறது, காதுகள் தெரிகின்றன, நல்ல பெரிய காதுகள் என்றார். பிறகு சாவியை நீட்டினார்.

"இதுவரைக்கும் வந்தவங்க யாருக்கும் நான் விக்கல. என்னை உட்காரவெச்சு ஓட்டிக் காட்டணும். சரியா இருந்தா வண்டி உங்களுது."

தன் தொழில் என்ன என்பதை வில்ஃப் அப்போதுதான், கொஞ்சம் கூச்சத்தோடு, சொன்னார். டாக்டர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அப்படியா, சீக்கிரம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு இடது பக்கம் ஏறிக்கொண்டார். பின்னால் நெஸ்டா, இரண்டு பக்கமும் இரண்டு நாய்கள்.

வில்ஃப் சீட்டைச் சரிசெய்தார். மூன்று கண்ணாடிகளையும் சரிசெய்தார். பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். கியர் நடுவில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்து கிளம்புவதற்குள் பிஸ்கட் குறட்டை விட ஆரம்பித்திருந்தது. குறுகலான மலைப்பாதை, இரண்டு பக்கமும் கல்வேலி, எதிரே ஒரு ஈ காக்கை இல்லை. வில்ஃப் முப்பத்தெட்டு மைலில் போனார். திருப்பத்துக்கு ரொம்ப முன்னாலேயே பிரேக்கைத் தொட்டார். ஏற்றம் வந்தால் கியரைச் சீக்கிரமே உயர்த்தி, என்ஜின் முனகுவதைச் சட்டை பண்ணாமல், தலையை நேராக வைத்துக்கொண்டு போனார். மனசுக்குள் தனக்கு முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

வீட்டு முற்றத்தில் நிறுத்தியதும் டாக்டர் பெல்ட்டைக் கழற்றினார்.

"இல்ல, மிஸ்டர் ஆக்டன். இன்னைக்கு இல்ல."

பின்சீட்டில் நெஸ்டாவுக்குச் சிரிப்பு வந்து, அடக்கப் பார்த்து, இருமலாகி, கடைசியில் கவுண்டஸின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வில்ஃப் முகம் சிவந்துபோய், என்ன தப்பு செய்தேன் என்று கேட்டார். டாக்டர் வைத்தியம் சொல்கிற மாதிரிச் சொன்னார். சட்டம் அறுபது மைல் வரை அனுமதிக்கிற ரோடு. என் கண்ணுக்கு ரோடு தெரியவில்லை, ஆனால் முதுகுக்கும் காதுக்கும் எல்லாம் தெரிகிறது. இந்த என்ஜின் மூவாயிரம் சுற்றுக்கு மேலேதான் வாயைத் திறந்து பேசும், நீங்கள் அதைப் பேசவே விடவில்லை. தூங்குகிற குழந்தையைத் தாண்டிப் போகிற மாதிரி ஓட்டினீர்கள்.

"ஆடு குறுக்க வந்தா?" என்றார் வில்ஃப்.

"ஆடெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம்."

"வேலியில ஓட்டை இருந்தா?"

"எல்லாரும் இப்படித்தான் வாதாடுவாங்களா உங்ககிட்ட?" என்று கேட்டார் டாக்டர், நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில்.

இரண்டு வாரம் கழித்து வேண்டுமானால் வாருங்கள், அதுவரை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்றார் டாக்டர். கையோடு சூடான டீயும் ஜாம் தடவிய ஸ்கோன் ரொட்டியும் கொடுத்தார். வில்ஃப் டீயை மட்டும் குடித்தார். இரண்டு ஸ்கோனையும் நெஸ்டாவே சாப்பிட்டாள்.

விஷயம் எங்கள் ஊருக்கு வில்ஃபுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டது. பெட்ரோல் பங்கிலிருந்து நெஸ்டா யாருக்கோ போன் செய்ததுதான் காரணம். ரொட்டிக்கடையில் அவருக்கு ஒரு பன் இலவசமாகக் கொடுத்தார்கள். பாதிரியார் தோளில் தட்டி, மனசைத் தளரவிடாதீர்கள், பல பேருக்கு இரண்டாம் தடவைதான் கிடைக்கிறது என்றார். கர்ட்டிஸ் ஃபர்த் அவர் வீட்டுக் கேட்டில் கற்றுக்குட்டிகள் காரில் மாட்டுகிற சிவப்பு 'எல்' அட்டை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனான். வில்ஃப் அதைக் கழற்றி, மடியாமல், கராஜில் வைத்தார். இவ்வளவுக்கும் அவர் கோபப்படவில்லை. ஆனால் அந்தக் காரை விடவும் மனசில்லை. அதன் என்ஜின் ஒரே ஒரு தடவை, ஒரு ஏற்றத்தில், அவருக்குத் தெரியாமல் கால் கொஞ்சம் அழுந்தியபோது, அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்ததாம். சாப்பிடும்போது அதைப் பற்றி ஹிலரியிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

நெஸ்டா பயிற்சி கொடுப்பதாக முன்வந்தாள். அவளுடைய கிளப்காரர்கள் பழைய விமான ஓடுதளம் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைகளில் வாடகைக்கு எடுப்பார்கள். நடுநடுவே ரப்பர் கூம்புகளை வைத்து அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஓட்ட வேண்டும். வில்ஃப் நெஸ்டாவின் குட்டிக் காரில் ஏறினார். கண்ணுக்கெட்டிய தூரம் வரை காலியாகக் கிடந்த அந்தத் தளத்தில், ஒவ்வொரு கூம்புக்கும் முன்னால் கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டுத் திரும்பினார்.

"யாருக்குப் போடறீங்க இண்டிகேட்டர்?" என்றாள் நெஸ்டா.

"வழக்கம்."

"இங்க இருக்கறது நானும் நீங்களும் ஒரு காக்காவும். காக்காவுக்கு ஏற்கெனவே தெரியும் நீங்க திரும்பப்போறது."

மெல்ல மெல்லக் கொஞ்சம் தேறினார். கியரை இறக்கி, என்ஜின் சத்தம் ஏறும்வரை பொறுத்திருக்கப் பழகினார். வீட்டில் ஹிலரி சமையலறைக்குள் வந்தால், நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையில் உப்பு ஜாடியைப் பிடித்துக்கொண்டு, காலால் தரையை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பார். அவள் உப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள்.

இரண்டாவது தடவை ஹிலரியும் வந்தாள். வேடிக்கை பார்க்க இல்லை, நாய்களைப் பார்த்துக்கொள்ள என்றாள். எல்லோரும் நெஸ்டாவின் காரில் நெருக்கியடித்துக்கொண்டு போய் இறங்கினார்கள். இரவெல்லாம் தூங்காததில் வில்ஃபின் கண்கள் உள்ளே போயிருந்தன. டாக்டர் இடது பக்கம் ஏறினார். வில்ஃப் சாவியைத் திருப்பினார், தைரியமாக மிதித்தார், கிளட்ச்சைச் சட்டென்று விட்டார். முற்றத்துச் சரளைக்கல் எல்லாம் பின்னால் பறந்து கோழிக்கூண்டின் தகரத்தில் மழை மாதிரிக் கொட்டியது. கார் அரைவட்டம் அடித்து, எந்தக் கேட் வழியாகப் போக வேண்டுமோ அதற்கு முதுகைக் காட்டி நின்றது. என்ஜினும் அணைந்துவிட்டது. கூண்டுக்குள் கோழிகள் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தன.

டாக்டர் அசையவில்லை. தொடருங்கள் என்றார். ஆனால் வில்ஃபின் தைரியம் அந்தச் சரளையோடு போய்விட்டது. மலைப்பாதையில் திரும்பவும் அதே முப்பத்தெட்டு மைல். வந்து நின்றதும், டாக்டர் வாய் திறப்பதற்கு முன்னால், அவரே இறங்கி, காரின் கூரையில் கை வைத்துக்கொண்டு, "எனக்கே தெரியுது" என்றார். நெஸ்டா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஹிலரி நாய்க்கயிறுகளை நெஸ்டாவின் கையில் கொடுத்தாள்.

"நான் ஓட்டிப் பாக்கட்டுமா? ஒரே ஒரு விஷயம். யாரும் பெருமூச்சு விடக் கூடாது."

யார் அது என்று டாக்டர் கேட்டார். மனைவி என்றார் வில்ஃப். வில்ஃப் முற்றத்திலேயே நிற்கட்டும் என்று டாக்டரும் ஹிலரியும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

நெஸ்டாவும் வில்ஃபும் நாய்களும் முற்றத்துச் சுவரோரம் நின்று பார்த்தார்கள். கார் சத்தமே இல்லாமல் கேட்டைத் தாண்டியது. வில்ஃப், பார்த்தாயா, கண்ணாடி பார்க்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அப்புறம் குன்றின் அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. முதலில் தாழ்ந்து, பிறகு ஏறி, ஏறி, ஒரு கணம் இறங்கி, மறுபடி விட்ட இடத்திலிருந்து ஏறியது. எங்கேயும் உடையவில்லை, எங்கேயும் முட்டவில்லை. பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் கரும்பச்சையாக ஒரு பொட்டு கல்வேலிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது, தண்ணீர் வழிந்து போகிற மாதிரி. வில்ஃப் வாயைத் திறந்தவர் மூடவில்லை. முப்பது வருஷத்தில் அவர் எத்தனையோ ஆயிரம் பேர் ஓட்டிப் பார்த்திருக்கிறார். ஒருவர் ஓட்டுவதைத் தள்ளி நின்று கேட்டது அதுதான் முதல் தடவை.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க?" என்றார் டாக்டர், திரும்பி வந்து என்ஜினை அணைத்ததும்.

ஹிலரி சொன்னாள். பேட்லி பிரிட்ஜ் ஊர்ப் பக்கம் அவள் அப்பா பால் லாரி ஓட்டினார். பதினேழு வயதிலிருந்து அவளும் ஓட்டியிருக்கிறாள். நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அதனால் மெதுவாகப் போக முடியாது. பின்னால் தொட்டி நிறையப் பால், அதனால் குலுங்கவும் முடியாது. தொட்டிக்குள் பால் அலம்புகிற சத்தம் கேட்டால் அப்பா, "வெண்ணெய் கடையறியா?" என்று கேட்பாராம்.

"இவங்களுக்குத்தான் வண்டி" என்றார் டாக்டர்.

விலைப் பேச்சு டீ ஆறுவதற்குள் முடிந்தது. டாக்டர் ஒன்று சொன்னார், ஹிலரி கொஞ்சம் குறைத்துக் கேட்டாள், டாக்டர் பாதியில் ஒத்துக்கொண்டார். வண்டி ஹிலரியின் பெயரில் எழுதப்பட்டது. நெஸ்டா பத்திரத்தைப் படிக்கிற மாதிரி இரண்டு தடவை படித்துக் கையெழுத்து வாங்கினாள். வில்ஃப் சாட்சி மாதிரிப் பக்கத்தில் நின்றார்.

கிளம்பும்போது ஹிலரி, அவ்வப்போது கொண்டுவந்து காட்டட்டுமா, உங்களையும் ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போகிறோம் என்றாள். டாக்டர் காரின் முன்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார், மாட்டின் நெற்றியைத் தடவுகிற மாதிரி.

"வேண்டாம்மா. இது ஒரு தடவை கிளம்பிப் போற சத்தத்தை நான் கேட்டுக்கறேன். ரெண்டு தடவை முடியாது."

வில்ஃப் முன்னால் போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். நீங்கள் வைத்தது நியாயமான பரீட்சை என்றார். உங்கள் காதுகளை நான் மறக்கமாட்டேன் என்றார் டாக்டர்.

ஹிலரி ஓட்டினாள், வில்ஃப் இடது சீட்டில், நாய்கள் பின்னால். நெஸ்டா தன் காரில் அவர்களைத் தொடர்ந்து வந்தாள். முதல் பத்து மைலுக்கு வில்ஃப் பெருமூச்சை விழுங்கிக்கொண்டே வந்தார். ஆனால் கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. டெஸ்ட் கார்களில் அதிகாரி பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி, தரையில் விரித்த மிதியடியை அழுத்தியது. அந்த மிதியடி உனக்கு என்ன கெடுதல் செய்தது என்று ஹிலரி கேட்டாள்.

வீயர்டேல் பள்ளத்தாக்குக்கு மேலே, மேட்டுநிலத்தின் உச்சியில், கார் நிறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. சுற்றிலும் பழுப்புப் புல், கீழே தூரத்தில் ஒரு நீர்த்தேக்கம், காற்றைத் தவிர ஒன்றுமில்லை. ஹிலரி அங்கே ஒதுக்கி நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்து, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்கு. இனிமே நீ ஓட்டு."

"ரெண்டு தடவை ஃபெயில் ஆனவன் நான், ஹில்."

"அது அவங்க வெச்ச பரீட்சை. நான் எதுவும் வெக்கல. எனக்குத் தூக்கம் வருது."

சொன்னபடியே சீட்டைச் சாய்த்து, கோட்டைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டாள். பிஸ்கட் ஏற்கெனவே தூங்கிக்கொண்டிருந்தது. கவுண்டஸ் ஜன்னல் வழியாக ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காரில் வில்ஃப் ஆக்டனைக் கவனிக்க ஒரு ஜீவன்கூட இல்லை. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பின்னால் நெஸ்டா, காரில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, இறங்கிப் போய்ப் பார்க்கலாமா என்று நினைத்தாளாம்.

அவள் கதவைத் திறப்பதற்குள் கரும்பச்சைக் கார் கிளம்பிவிட்டது. இறக்கத்தில் அவரைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். முதல் திருப்பத்தில் அதன் பின்விளக்குகள் தெரிந்தன, ஒரு சின்னச் சிவப்பு, உடனே அணைந்தது. இரண்டாவது திருப்பத்தில் காரின் கூரை மட்டும் தெரிந்தது. பாலத்தைத் தாண்டி எதிர் ஏற்றத்தில் ஏறும்போது சத்தம் மட்டும் கேட்டது, அந்த அடித்தொண்டைச் சத்தம், மூவாயிரத்துக்கும் மேலே. அதற்கப்புறம் அதுவும் இல்லை. நெஸ்டா மலையேற்றப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவள். அந்தப் பாதையில் தான் சட்டத்துக்கு உட்பட்ட வேகத்தில்தான் போனதாகவும், மிஸ்டர் ஆக்டனும் அப்படித்தான் போயிருப்பார், மாறாகச் சொல்ல தன்னிடம் ஆதாரம் இல்லை என்றும் ஒரு வக்கீலாக எங்களிடம் சொன்னாள்.

பார்னார்ட் காஸிலில் மீன் பொரிக்கிற கடை வாசலில் அந்தக் கார் நின்றிருந்தது. பானெட்டிலிருந்து இன்னமும் சூடு எழும்பிக்கொண்டிருந்தது. வில்ஃப் ஒரு கல்பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் பொட்டலத்தை விரித்து வைத்து, மீனைத் தொடாமல் உருளைக்கிழங்குச் சிப்ஸை மட்டும் ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலைமுடி, காரின் ஜன்னல்கள் மூடியே இருந்தும், எப்படியோ கலைந்திருந்தது.

ஹிலரி நாய்களுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். தூங்கினீர்களா என்று நெஸ்டா கேட்டாள். ஒரு நொடிகூட இல்லை என்று ஹிலரி ரகசியமாகச் சொன்னாள், கோட்டுக்குள் இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன், ஆனால் பால் அலம்பவில்லை.

நெஸ்டா போய் வில்ஃப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த கிண்டல்கள் நாலைந்து அவளிடம் இருந்தன. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எதையும் எடுக்கவில்லை.

"எப்படி இருந்தது, வில்ஃப்?" என்றாள்.

அவர் மீனில் பெரிய துண்டாகப் பிய்த்து அவளிடம் நீட்டி, இன்னும் சூடாக இருக்கிறது, சாப்பிடு என்றார். சாப்பிட்டு முடித்ததும், எல்லோரும் எழுந்துகொள்ளும் நேரத்தில், வீட்டுக்குப் போக இதைவிடச் சுற்றுவழி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.